தராசு கணினியோடு பேசவில்லையா? லினக்ஸில் சீரியல் போர்ட்டை எழுப்புவது எப்படி

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கடைகளின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணினிகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அரிசி மண்டி, பழைய இரும்புக் கடை, ஐஸ் கம்பெனி, லாரி எடை மேடை என்று இடம் மாறினாலும் புகார் ஒன்றேதான்: "தம்பி, தராசில் எடை வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை." அந்தக் கணினியில் லினக்ஸ் ஓடினால் கூடவே இன்னொரு வரி: "நீ போட்டுக் கொடுத்ததில் போர்ட்டே இல்லையாமே!"

அந்தப் போர்ட், அதாவது தராசின் கேபிளைச் செருகும் சீரியல் போர்ட், பெரும்பாலும் இருக்கிறது. தராசிலிருந்து கிளம்பும் எடை கம்பி, சிப், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), அனுமதி, பில் போடும் நிரல் என்று ஐந்து வாசல்களைக் கடந்துதான் திரைக்கு வருகிறது. எந்த வாசலில் நிற்கிறது என்று பார்க்காமல் "உபுண்டுவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், அப்படியும் வரவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கூரை ஒழுகினால் தரையையா பெயர்ப்பார்கள்?

கீழே உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். டிடிஒய்எஸ்0 என்பதில் கடைசி எஸ்ஸும், டிடிஒய்யுஎஸ்பி0 என்பதில் யுஎஸ்பியும் எப்போதும் பெரிய எழுத்து. முதல் பெயர் மதர்போர்டின் போர்ட். இரண்டாவது யுஎஸ்பி கேபிள் வழியாக வருவது. நான் சொல்வதெல்லாம் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற மூன்று லினக்ஸ் வகைகளுக்கும் பொருந்தும்.

"கேபிளைச் செருகினேன், ஒன்றுமே நடக்கவில்லை"

இப்போது விற்கும் கணினிகளில் ஒன்பது பின் போர்ட் அரிது. ஆகவே யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிளை வாங்கிச் செருகுகிறார்கள். செருகுவதற்கு முன்னால் டெர்மினலைத் திறந்து இதை ஓடவிடுங்கள்:

சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

கெர்னல் பார்ப்பதையெல்லாம் உடனுக்குடன் ஒப்பிக்கும் கட்டளை இது. உபுண்டு 20.10 முதல் சாதாரணப் பயனருக்கு இது மறுக்கப்படுகிறது, அதனால்தான் முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் செருகுங்கள். அடுத்த இரண்டு வினாடியில் திரையில் என்ன வருகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கேபிள் வந்திருப்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை. கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பியில் செருகியிருந்தால் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் உள் ஒயரைப் பலர் மதர்போர்டில் மாட்டுவதே இல்லை. அங்கேயும் மௌனம் என்றால் கேபிள் செத்துவிட்டது.

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71" என்றோ "எரர் -110" என்றோ திரும்பத் திரும்ப வந்தால், ஏதோ ஒன்று செருகப்பட்டிருப்பது தெரிகிறது, அது ஒழுங்காகப் பேசவில்லை என்று பொருள். 71 என்றால் பேச்சு குளறுகிறது. 110 என்றால் பதிலுக்குக் காத்திருந்து ஓய்ந்துவிட்டது. இரண்டிலும் மென்பொருள் நிரபராதி. ஒரு முறை காசிமேட்டில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஐஸ் கடையில் இந்த 71ஐப் பார்த்தேன். கேபிள் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. யுஎஸ்பி முனையைக் கழற்றி செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தால், நான்கு தகடுகளில் இரண்டின் மேல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக் காற்றும் ஐஸ் உருகிய ஈரமும் சேர்ந்தால் செம்பு என்ன பாடுபடும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகின் ஒயர்களில் அவர்கள் தினமும் பார்ப்பதுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் இரண்டு முனைகளையும் தேய்த்து, உலர்த்திச் செருகினேன். வேலை செய்தது. ஆனாலும் அந்த மாதிரி இடத்துக்கு ஒரு கேபிளைக் கூடுதலாக, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருங்கள்.

மூன்றாவது வகையில் "நியூ யுஎஸ்பி டிவைஸ் ஃபவுண்ட்" என்று வரும், ஆனால் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் எங்கேயும் வராது. இப்போதுதான் டிரைவரைப் பற்றிப் பேச வேண்டும். எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்து, கேபிளின் அடையாள எண்ணைப் பாருங்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கே குடும்பம். 1ஏ86:7523 என்றால் சிஎச்340 சிப், டிரைவர் பெயர் சிஎச்341. 067பி:2303 என்றால் பிஎல்2303. 0403:6001 என்றால் எஃப்டிடிஐ, டிரைவர் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ. 10சி4:இஏ60 என்றால் சிபி210எக்ஸ். நான்கும் கெர்னலோடு வருபவை. குறுந்தகட்டில் கொடுக்கும் "லினக்ஸ் டிரைவர்" எதையும் தொடாதீர்கள். (விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்க மறுத்த பழைய 2303 கேபிள்களை வாங்கி வந்து, லினக்ஸ் கடைகளில் மாட்டி வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.)

டிரைவரைக் கையால் ஏற்றிப் பாருங்கள்:

சூடோ மாட்புரோப் சிஎச்341

அந்த மாட்யூலே (கெர்னலின் டிரைவர் கோப்பு) இல்லை என்று கெர்னல் கைவிரித்தால் காரணம் இரண்டில் ஒன்று. கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, பழையதன் மாட்யூல்கள் நீக்கப்பட்டு, கணினி மட்டும் இன்னும் மறுதொடக்கம் ஆகாமல் பழைய கெர்னலிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். கடைக் கணினிகளை யார்தான் அணைக்கிறார்கள்? அணைத்து எழுப்புங்கள். அல்லது உபுண்டுவின் மெலிந்த கெர்னல் நிறுவப்பட்டிருக்கலாம். அதில் இந்த டிரைவர்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்ற தனிப் பொதியில் இருக்கும். யூநேம் -ஆர் காட்டும் எண்ணைப் பெயரின் பின்னால் ஒட்டி நிறுவினால் தீர்ந்தது.

நான்காவதுதான் ஆளைக் கிறுக்காக்கும். டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர் வரும். அடுத்த வினாடியே "நௌ டிஸ்கனெக்டட் ஃப்ரம் டிடிஒய்யுஎஸ்பி0" என்று போய்விடும். போகிற வரிக்குக் கொஞ்சம் மேலே பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். அது பார்வையற்றோர் விரலால் படிக்கும் பிரெயில் திரைக்கான சேவை. சில பிரெயில் கருவிகளும் 1ஏ86:7523 என்ற அதே எண்ணோடு வருவதால், உங்கள் தராசுக் கேபிளைத் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உபுண்டு 22.04 வந்தபோது இதனால் நான் ஏறி இறங்காத கடை இல்லை. அந்தக் கணினியைப் பிரெயில் திரையோடு யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்:

சூடோ ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்

பயன்படுத்துபவர் இருந்தால் அதை நீக்காதீர்கள். பாவம் மட்டுமல்ல, தேவையும் இல்லை. /யுஎஸ்ஆர்/லிப்/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதை அதே பெயரில் /இடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்கு நகலெடுத்து, நகலில் 1ஏ86/7523 வரும் வரியின் முன்னால் ஒரு # போட்டுவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் /இடிசியில் இருப்பதற்கே மதிப்பு; புதுப்பிப்பு வந்தாலும் உங்கள் மாற்றம் அழியாது.

"போர்ட் தெரிகிறது, 'பெர்மிஷன் டினைடு' என்கிறது"

நல்ல செய்தி. கம்பி, சிப், கெர்னல் மூன்றையும் தாண்டிவிட்டீர்கள். எல்எஸ் -எல் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 என்று அடித்தால், கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், குழு டயல்அவுட் என்று காட்டும். தொலைபேசி மோடம் காலத்துப் பெயர். கல்லாவில் உட்காரும் பயனரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும்:

சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட் பயனர்பெயர்

இதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏவை விட்டுவிடாதீர்கள். "இருப்பவற்றோடு சேர்" என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் மற்றக் குழுக்களையெல்லாம் பிடுங்கிவிட்டு டயல்அவுட்டில் மட்டும் விடும். தண்டையார்பேட்டையில் ஒரு அரிசி மண்டியில் பேச்சுவாக்கில் நான் அதை விட்டுவிட்டேன். சூடோ குழுவிலிருந்தே பயனர் வெளியே போனார். அதன்பின் எந்தக் கட்டளைக்கும் அதிகாரம் இல்லை. மீட்புப் பயன்முறையில் எழுப்பித் திரும்பச் சேர்ப்பதற்குள் மண்டிக்காரர் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது டீயில் சர்க்கரை குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

சேர்த்த பிறகு முழுதாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. சிஎச்மாட் 666 போட்டு வழி திறந்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. கேபிளை ஒரு முறை பிடுங்கிச் செருகினால் அந்த அனுமதி காற்றில் போய்விடும். மறுநாள் காலை உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

"திறக்கிறது, ஆனால் ஒரு எழுத்துகூட வரவில்லை"

இங்கே இரண்டு தரப்பு இருக்கிறது: கணினி ஒன்று, தராசு ஒன்று. யார் ஊமை, யார் செவிடு என்று முதலில் பிரிக்க வேண்டும்.

கணினியைச் சோதிக்க ஒரு சிறு செம்புக் கம்பி போதும்; இதைக் கம்பிச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். தராசுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கணினிப் பக்கத்து ஒன்பது பின் முனையில், ஐந்து பின் இருக்கும் வரிசை மேலே வருமாறு நேராகப் பாருங்கள். இடமிருந்து 1, 2, 3, 4, 5. இரண்டு பெறுவது, மூன்று அனுப்புவது, ஐந்து தரை. இரண்டையும் மூன்றையும் மெல்லிய கம்பியால் சேர்த்துச் சுற்றுங்கள். பிறகு, போர்ட்டோடு நேராகப் பேசும் பிகோகாம் நிரலை (இல்லாவிட்டால் நிறுவிக்கொண்டு) ஓட்டுங்கள்:

பிகோகாம் -பி 9600 /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0

ஏதாவது அடியுங்கள். அடித்தது திரையில் வந்தால் அனுப்பியதை அதுவே பெறுகிறது, அதாவது சிப், டிரைவர், அனுமதி எல்லாம் சரி. கம்பியை எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள், இப்போது வரக்கூடாது. இந்த இரண்டாவது பாதியைச் செய்யாமல் விடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் வெளியே வரலாம். மினிகாம் பழகியவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மூன்றே கம்பி உள்ள கேபிளில் அது "அனுப்பு" என்ற சைகைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதன் அமைப்பில் எஃப் அழுத்தி அணையுங்கள். அதனால்தான் நான் பிகோகாமுக்கு மாறினேன்.

கணினி தேறிவிட்டதா? இனி மல்டிமீட்டரை எடுங்கள். ஆர்எஸ்-232 என்ற இந்த முறையில் சும்மா இருக்கும் அனுப்பும் கம்பி எதிர்மறை மின்னழுத்தத்தில் நிற்கும். -3 முதல் -15 வோல்ட் வரை செல்லும். தராசை இயக்கிவிட்டு, அதன் கேபிளில் கணினிக்கு வர வேண்டிய முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அது துளை முனை என்பதால் எண்கள் வலமிருந்து இடமாகப் போகும், கவனம். கறுப்பு முனையை ஐந்தில் வைத்துச் சிவப்பை இரண்டில் வையுங்கள். எதிர்மறையாகச் சில வோல்ட் காட்டினால் தராசு சரியான துளையில்தான் பேசுகிறது. இரண்டில் ஒன்றுமில்லை, மூன்றில்தான் எதிர்மறை என்றால் இருவரும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் பேச்சும் மற்றவர் காதில் விழாது. இரண்டையும் மூன்றையும் குறுக்காக மாற்றும் நல்-மோடம் இணைப்பான் ஒன்று இடையில் வேண்டும்.

இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை என்றால் தராசின் வெளியீட்டுச் சிப் போயிருக்கலாம். அல்லது அந்தத் தராசின் உள்ளே இருப்பது ஆர்எஸ்-232 அல்ல, 5 வோல்ட்டில் பேசும் டிடிஎல். டிடிஎல் என்றால் அதற்கென்று உள்ள மாற்றிதான் வேண்டும். மறுபக்கமாக, டிடிஎல் மாற்றியை ஆர்எஸ்-232 தராசில் நேராக மாட்டுகிறவர்கள் சிப்பைச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் எழுத்து வரவில்லையா? தராசின் மெனுவைப் பாருங்கள். தொடர்ந்து அனுப்பும் முறை, பிரின்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்பும் முறை, கணினி கேட்டால் மட்டும் அனுப்பும் முறை என்று மூன்று உண்டு. திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு மணி நேரம் கேபிளோடு மல்லுக்கட்டினேன். கடைப்பையன் வந்து, "அண்ணே, இந்தப் பொத்தானை அழுத்தினால்தான் எடை போகும்" என்று அழுத்திக் காட்டினான். போனது. யாரும் அவனிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"எழுத்து வருகிறது, கிறுக்கலாக வருகிறது"

இரண்டு விதக் கிறுக்கல் உண்டு. எல்லாமே குப்பை, ஒரு எண்கூடப் புரியவில்லை என்றால் வேகம் பொருந்தவில்லை. தராசு 2400இல் பேசுகிறது, நீங்கள் 9600இல் கேட்கிறீர்கள். 1200, 2400, 4800, 9600, 19200 என்று வரிசையாக மாற்றிப் பாருங்கள். தராசின் மெனுவில் இருந்தால் இன்னும் நல்லது.

பாதி எண் சரியாகவும் பாதி வைரக் கட்டமாகவும் வந்தால் அது வேறு நோய். காசிமேட்டில் மீன் எடை போடும் ஒரு இடத்தில் இது நடந்தது. கணக்குப் பார்ப்பவர் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். 5.360 கிலோ வஞ்சிரம் அப்படியே வந்தது. அடுத்த கூடை சங்கரா 12.480 கிலோ; திரையில் புள்ளியும் கடைசிப் பூஜ்யமும் மட்டும் நின்றன, மற்ற நான்கும் வைரக் கட்டங்கள். "கேபிள் லூஸ், ஆட்டினால் வருகிறது" என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஆட்டும்போது கூடை மாறிவிடும், எண் மாறிவிடும், வந்துவிடும். நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

வந்த எண்களை ஒரு பீடிக்கட்டுத் தாளில் எழுதினேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி. 1, 2, 4, 7, 8 எப்போதும் தப்பு. லூஸ் கேபிளுக்கு எண் தெரியாது. ஆகவே இது கேபிள் அல்ல.

நடந்தது இதுதான். அந்தத் தராசு ஒவ்வொரு எழுத்தையும் ஏழு பிட்டில் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) அனுப்பி, எட்டாவதாக ஒரு சரிபார்ப்புப் பிட்டைச் சேர்க்கிறது. மொத்தம் எத்தனை 1 இருக்கிறதோ, அது இரட்டைப்படையாக இருக்குமாறு அந்த எட்டாவதைப் போடும். ஈவன் பாரிட்டி என்பது இதைத்தான். பூஜ்யத்தின் ஆஸ்கி வடிவம் (எழுத்துகளைக் கணினி குறிக்கும் முறை) 0110000. அதில் இரண்டு 1, ஏற்கெனவே இரட்டைப்படை. எட்டாவது பிட் 0, எழுத்து மாறாது. ஒன்று என்ற எண் 0110001. மூன்று 1, ஒற்றைப்படை. எட்டாவது பிட் 1 ஆகிறது. எட்டு பிட்டையும் எழுத்தாகவே படிக்கும் கணினிக்கு அது வேறு எழுத்து. 3, 5, 6, 9 இரட்டைப்படைக் கட்சி. 2, 4, 7, 8 ஒற்றைப்படைக் கட்சி. புள்ளியும் இரட்டைப்படைதான், அதனால் தப்பித்தது. தீர்வு ஒரே வரி:

எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 ரா 9600 சிஎஸ்7 பேரென்பி -பேரோடு

இதில் எஃப் பெரிய எழுத்து. சிஎஸ்7 என்பது ஏழு பிட், பேரென்பி என்பது பாரிட்டி உண்டு, முன்னால் கழித்தல் குறியோடு வரும் பேரோடு என்பது ஒற்றைப்படை அல்ல, இரட்டைப்படை. பில் போடும் நிரலின் அமைப்பிலும் இதையே 7-ஈவன்-1 என்று வையுங்கள். நிரல் போர்ட்டைத் திறக்கும்போது தன் அமைப்பையே திணிக்கும், உங்கள் எஸ்டிடிஒய் வரியை மதிக்காது.

மதர்போர்டின் சொந்தப் போர்ட்டில் இன்னொரு வசதி உண்டு. சூடோவோடு /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் கோப்பைப் படித்தால், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஆர்எக்ஸ் என்று இதுவரை வந்த எழுத்துகளின் எண்ணிக்கையும், தவறு இருந்தால் எஃப்இ என்று சட்டகப் பிழையின் எண்ணிக்கையும் காட்டும். எஃப்இ ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வேகம் தப்பு.

"டிவைஸ் பிஸி என்கிறது"

வேறு யாரோ போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சூடோ ஃபியூசர் -வி போட்டு, கூடவே போர்ட்டின் பெயரையும் கொடுத்தால் பிடித்திருப்பவர் பெயர் தெரியும். முன்பு நீங்கள் மூடாமல் விட்ட பிகோகாமாகவே இருக்கலாம். மோடம்மேனேஜர் என்று வந்தால், அது செருகியதை மோடமோ என்று சந்தேகித்து விசாரித்துக்கொண்டிருக்கிறது. சிம் டாங்கிள் பயன்படுத்தாத கடையென்றால் அந்தச் சேவையை சிஸ்டம்சிடிஎல் கட்டளை மூலம் நிறுத்திவிடலாம் (பெயரில் இரண்டு எம்மும் பெரிய எழுத்து).

"நேற்று 0, இன்று 1"

மின்சாரம் போய் வந்ததும் தராசு டிடிஒய்யுஎஸ்பி1 ஆகிவிட்டது, பார்கோடு கருவி 0 ஆகிவிட்டது. கெர்னல் யாரை முதலில் பார்க்கிறதோ அவருக்கு 0, அவ்வளவுதான். /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் சிப்பின் பெயரோடு கூடிய நிலையான பெயர் இருக்கும். பில் நிரலில் அதைக் கொடுங்கள். சிஎச்340 கேபிள்களில் தொடர் எண் பெரும்பாலும் இருக்காது. ஒரே மாதிரி இரண்டு மாட்டினால் பெயர் மோதிக்கொள்ளும். அப்போது பை-பாத் அடைவில் இருக்கும் பெயரைக் கொடுங்கள். அது யுஎஸ்பி துளையின் இடத்தைக் குறிப்பது. பிறகு அந்தத் துளையையும் கேபிளையும் ஒரே நிற நகப்பூச்சால் தொட்டு வையுங்கள். கூட்டிப் பெருக்குபவர் கேபிளை இடம் மாற்றிச் செருகினால் கதை மறுபடி முதலிலிருந்து.

பழைய விண்டோஸ் பில் நிரலை வைன் வழியாக ஓட்டுபவர்கள், வைனின் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்ற இடத்துக்குப் போய், காம்1 என்ற பெயரில் இந்த நிலையான பாதையை எழுத வேண்டும்.

"மதர்போர்டில் போர்ட் இருக்கிறது, லினக்ஸில் இல்லை"

உபுண்டுவில் டிடிஒய்எஸ்0 முதல் 31 வரை வரிசையாகப் பெயர் இருக்கும். "முப்பத்திரண்டு போர்ட் இருக்கிறதே" என்று மகிழ வேண்டாம், எல்லாம் காலி நாற்காலி. மேலே சொன்ன /ப்ராக் கோப்பில் யூஏஆர்டி:16550ஏ என்று வருபவை மட்டும் உண்மை. அன்னோன் என்றால் அங்கே ஆள் இல்லை. அப்படிப்பட்ட பெயரைத் திறந்தால் "இன்புட்/அவுட்புட் எரர்" வரும்.

உண்மையிலேயே போர்ட் இருந்தும் அன்னோன் என்றால் பயாஸுக்குள் (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். சூப்பர் ஐஓ என்ற பக்கத்தில் சீரியல் போர்ட்டை இயக்கி, முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4 என்று வையுங்கள். அதுதான் டிடிஒய்எஸ்0. இரண்டாவது போர்ட் 2எஃப்8, ஐஆர்க்யூ 3. பின்பக்கம் போர்ட் இல்லாத பல மதர்போர்டுகளில்கூட உள்ளே காம் என்று எழுதிய பின் வரிசை உண்டு. தகடோடு கூடிய பட்டை ஒயர் வாங்கி மாட்டினால் போதும். ஆனால் அந்தப் பட்டை ஒயர் இரண்டு விதமான பின் வரிசையில் விற்கிறது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தப்பானது வந்துவிட்டால் கம்பிச் சோதனையில் தோற்கும். மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்து, மதர்போர்டுக் கையேட்டோடு ஒவ்வொரு பின்னாக ஒப்பிட்டுவிடுங்கள்.

பிசிஐ கார்டு மாட்டியும் நான்கு போர்ட்டுக்கு மேல் வரவில்லை என்றால், கெர்னலின் எல்லையே நான்காக இருக்கக்கூடும். /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில், ஜிஆர்யுபி_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட் என்று தொடங்கும் வரியின் மேற்கோள்குறிக்குள் 8250.என்ஆர்_யூஏஆர்டிஎஸ்=8 என்று சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

தங்கசாலைப் பக்கம் இன்னும் பேரலல் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: பயாஸில் போர்ட்டை இயக்கி, பார்போர்ட்_பிசி, எல்பி என்ற இரண்டு மாட்யூல்களையும் மாட்புரோப்பால் ஏற்றினால் /டெவ்/எல்பி0 வரும், பயனரை எல்பி குழுவில் சேர்க்க மறக்காதீர்கள்.

"மழைக்கு முன்னால் ஓடியது, இப்போது செத்துவிட்டது"

ஐப்பசி, கார்த்திகையில் மணலி சாலை எடை மேடைகளிலிருந்து வரும் அழைப்பு இது. கம்பிச் சோதனை செய்யுங்கள். தோற்றால் போர்ட் எரிந்துவிட்டது. எந்த மென்பொருளும் அதை எழுப்பாது. புதிய கேபிளை மாட்டுவதற்கு முன்னால் ஏன் எரிந்தது என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் எரியும். மேடையின் இரும்புக்கு ஒரு எர்த், அறையிலிருக்கும் கணினிக்கு வேறு எர்த் (பல இடங்களில் எர்த்தே இல்லை). இரண்டுக்கும் இடையில் நிற்கும் மின்னழுத்தம் முழுவதும் ஐந்தாம் பின் வழியாகத்தான் சமன் தேடும். இடி அருகே விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

மேடைக் கேபிள் கணினியில் மாட்டப்படாமல் தொங்கும் நிலையில், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கேபிள் முனையின் உலோக உறைக்கும் கணினிப் பெட்டியின் திருகுக்கும் இடையில் அளந்து பாருங்கள். உறை எங்கேயும் இணைக்கப்படாத கேபிளாக இருந்தால் ஐந்தாம் துளையில் வைத்து அளக்கலாம். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைச் செருகாதீர்கள். மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். அதோடு ஒளி வழியாகத் தரவை மட்டும் கடத்தி மின்சாரத்தைப் பிரித்துவைக்கும் ஆப்டிக்கல் ஐசொலேட்டர் ஒன்றை இடையில் மாட்டுங்கள். மேடைக்கும் அறைக்கும் பதினைந்து மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் ஆர்எஸ்-232 கேபிளை நீட்டிக்கொண்டே போகாமல் இரு முனையிலும் நீண்ட தூரத்துக்கான ஆர்எஸ்-485 மாற்றி போடுங்கள். மழைக்காலத்தில் கடை மூடும்போது, அந்த ஒன்பது பின் முனையின் இரண்டு திருகையும் கழற்றிக் கேபிளைத் தனியாகத் தொங்கவிட்டுப் போகும்படி காவலாளியிடம் சொல்லிவையுங்கள்.